சிஎஃப்ஏ பிராங்கை விட்டு வெளியேறினால் விடுதலை வந்துவிடுமா?

செங்கதிர்:
மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2022, 2023 ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகளை வெளியேற்றின. 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸை விட்டும் விலகின. ஆனாலும் அந்த நாடுகளின் சந்தைகளில் புழங்குவது இன்னும் சிஎஃப்ஏ பிராங்க்தான். படை போனது பாதி வேலைகூட இல்லை, நாணயம் மாறாமல் ஏகாதிபத்தியம் வெளியேறாது என்பது என் வாதம்.

தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக 1945 டிசம்பர் 26-இல் பிரான்ஸ் ஓர் ஆணை போட்டு உருவாக்கிய நாணயம் இது. செனகலில் ஒருவர் நிலக்கடலை ஏற்றுமதி செய்கிறார், யூரோ வருகிறது. அவருடைய வங்கி அதை டக்காரில் உள்ள பொது மத்திய வங்கியிடம் கொடுத்து சிஎஃப்ஏ வாங்கிக்கொள்கிறது. அப்படிச் சேரும் செலாவணியில் ஒரு பங்கு பாரிஸில், பிரெஞ்சுக் கருவூலத்தின் 'செயல்பாட்டுக் கணக்கில்' இருக்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். முதலில் 100%, 1973-க்குப் பின் 65%, 2005-க்குப் பின் 50%.

இதைவிடக் கொடியது இன்னொரு விதி. மத்திய வங்கியின் உடனடிப் பொறுப்புகளில் (கேட்டவுடன் கொடுத்தாக வேண்டிய தொகையில்) குறைந்தது 20% அளவுக்குச் செலாவணி கையிருப்பு வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் அதற்குக் கீழே போனால் கடனை இறுக்கியாக வேண்டும். மழை பொய்த்து ஏற்றுமதி விழும் ஆண்டில்தான் விவசாயிக்குக் கடன் தேவை. சரியாக அந்த ஆண்டில்தான் கடன் சுருங்குகிறது. இதற்கு நடுவே பிரெஞ்சு நிறுவனங்கள் மாறாத மாற்று விகிதத்தில், எந்த அபாயமும் இல்லாமல், லாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மூலதன ஏற்றுமதி என்று லெனின் எழுதியதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

கணக்கன்:
முதலில் ஒரு வதந்தியை ஒதுக்கிவிடுவோம். 'ஆண்டுக்கு 50,000 கோடி டாலர் காலனிய வரி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். செயல்பாட்டுக் கணக்கில் இருந்தது ஆப்பிரிக்க மத்திய வங்கிகளின் சொந்த வைப்புத்தொகை. வட்டியும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்குவதாக 2019 டிசம்பரில் கோத் திவ்வாரின் (ஐவரி கோஸ்ட்) அபிஜான் நகரில் அறிவித்தார்கள். சுமார் 500 கோடி யூரோ 2021-இல் திரும்பிவிட்டது. மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளில்தான் பழைய ஏற்பாடு நீடிக்கிறது.

அடுத்து பணவீக்கம். கானாவுக்கு 1957 முதல் சொந்த மத்திய வங்கி, 1965 முதல் சொந்த நாணயமான செடி. 1983-இல் அங்கே விலைவாசி 100 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2022 டிசம்பரில் 54.1%, அதே மாதம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையும் நிறுத்தினார்கள். பக்கத்து கோத் திவ்வாரில் அந்த ஆண்டும் பணவீக்கம் ஒற்றை இலக்கம்தான். இரண்டு நாடும் கொக்கோவை நம்பியவை. கூலிக்காரருக்குச் சேமிப்பு என்று ஒன்று இருந்தால் அது கையில் உள்ள நோட்டு மட்டும்தான். அதைக் கரைய விடாத நாணயத்தை ஏகாதிபத்தியம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

பிரான்சின் காலனியாகவே இல்லாத ஈக்குவடோரியல் கினி 1985-இல் சேர்ந்தது. போர்ச்சுகலை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கினி-பிசாவு 1997-இல் சேர்ந்தது. அவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்?

செங்கதிர்:
நிலையான நாணயம் சரி. யாருக்கு நிலையானது?

1948 முதல் 1 பிரெஞ்சு பிராங்குக்கு 50 சிஎஃப்ஏ (1960-இல் வந்த புதிய பிராங்கின் கணக்கில்). 1994 ஜனவரியில் டக்காரில் கூடி ஒரே இரவில் 100 ஆக்கினார்கள். ஆறு மாதம் முன்பிருந்தே மதிப்புக் குறைப்பு வரும் என்று மேல்தட்டுக்குத் தெரியும். 5 கோடி சிஎஃப்ஏ வைத்திருந்தவர் அதைப் பாரிஸுக்கு அனுப்பினால் 10 லட்சம் பிராங்க். மதிப்புக் குறைப்புக்குப் பிறகு அதையே திருப்பிக் கொண்டுவந்தால் 10 கோடி. எதையும் உற்பத்தி செய்யாமல் பணம் இரட்டிப்பு. நோட்டாகச் சுமந்து போவதற்கு 1993 ஆகஸ்டில் தடை வந்தது, வங்கி வழி தொடர்ந்து திறந்தே கிடந்தது. அபிஜானின் கூலிக்காரர் வாங்கும் இறக்குமதி அரிசியும் மருந்தும் இரண்டு மடங்கை நோக்கி ஏறின. நீங்கள் காட்டும் அந்தச் சேமிப்பு கரைந்தது இங்கேதான்.

2019 மாற்றம் கணக்கை இடம் மாற்றியது, அவ்வளவே. பிணைப்பு அப்படியே இருக்கிறது: 1 யூரோவுக்கு 655.957 சிஎஃப்ஏ. புர்கினாவின் பருத்தி டாலரில் விற்கிறது. யூரோ டாலருக்கு எதிராக வலுத்தால் பருத்தி விவசாயிக்குக் கிடைக்கும் சிஎஃப்ஏ குறைகிறது. யூரோவின் போக்கைத் தீர்மானிக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் பிராங்பர்ட்டில் பருத்தி விவசாயியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

வடகரை:
இரண்டு தோழர்களும் நாணயத்தையே நடுவில் வைத்துப் பேசுகிறீர்கள். மார்க்சியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அரசு எந்த வர்க்கத்தின் கையில் என்பது.

கினி 1958 செப்டம்பர் 28-இல் பொது வாக்கெடுப்பில் பிரான்சோடு சேர்ந்திருக்க 'வேண்டாம்' என்று வாக்களித்தது. 1960 மார்ச் 1-இல் சொந்த நாணயம் வெளியிட்டது. பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டை அள்ளிக் கொட்டியது, அது உண்மை. ஆனால் அதே 1960-இல் அந்நாட்டின் ஃப்ரியாவில் அலுமினா ஆலை ஓடத் தொடங்கியது, அமெரிக்க, பிரெஞ்சு முதலாளிகளின் கூட்டுக்குழுமத்தின் கையில். அலுமினியத் தாதுவான பாக்சைட் அவர்களிடம் இருக்கும்போது நோட்டில் யார் படம் போட்டால் என்ன?

மாலி 1962 ஜூலை 1-இல் சிஎஃப்ஏவை விட்டு வெளியேறியது. அதே மாதம் தலைநகர் பமாக்கோவில் வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். கோத் திவ்வாருக்கு மாடு ஓட்டிப் போகிறவருக்கு மாலி பிராங்கை அங்கே யாரும் மாற்றித் தரவில்லை. கால்நடையும் தானியமும் கள்ளவழியில் எல்லை தாண்டின, சிஎஃப்ஏ தனியார் பைக்குப் போனது, அரசிடம் செலாவணி வறண்டது. 1967-இல் நாணய மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள், 1968 நவம்பரில் அதிபர் மோதிபோ கெய்ட்டா ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். 1984-இல் 2 மாலி பிராங்குக்கு 1 சிஎஃப்ஏ என்று திரும்பிப் போனார்கள். நாணயம் சொந்தம், வணிகம் இன்னொரு வர்க்கத்திடம். தோல்வி அந்த இடைவெளியில் பிறந்தது.

2023 ஜூலையில் நைஜரில் ஆட்சி கவிழ்ந்தபோது அதன் கணக்குகளை முடக்கியது பாரிஸ் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க அதிபர்கள் கூடி முடிவெடுத்தார்கள், டக்கார் வங்கி நிறைவேற்றியது. உள்நாட்டுத் தரகு முதலாளிகளுக்கு இந்த நாணயம் வசதி. அவர்களை விட்டுவிட்டு பிரான்சை மட்டும் திட்டுவது பாதிப் பகுப்பாய்வு.

செங்கதிர்:
டக்கார் வங்கியை அப்படி வடிவமைத்தது யார், தோழர்? டோகோவின் அதிபர் ஒலிம்பியோ சொந்த நாணயத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், 1963 ஜனவரி 13-இல் கொல்லப்பட்டார். உள்ளூர் வர்க்கம் தானாக அமைந்துவிடவில்லை. எதிர்த்தவர்கள் அகற்றப்பட்ட இடத்தில் இணங்கியவர்கள் நிலைத்தார்கள்.

கணக்கன்:
சரி, வெளியேறுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாலி அரசின் உள்நாட்டுக் கடன்பத்திரங்கள் சிஎஃப்ஏவில் உள்ளன. வாங்கியிருப்பவை அபிஜான், டக்கார் வங்கிகளும்தான். புதிய நாணயம் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு இழந்தால் அந்தக் கடன் சொந்த நாணயத்தில் ஒன்றரை மடங்காகும். படிப்படியாகச் சொல்லுங்கள், எப்படிச் செய்வீர்கள்?

செங்கதிர்:
சொல்கிறேன். மாலியிலும் புர்கினாவிலும் முதன்மை ஏற்றுமதி தங்கம். சுரங்க நிறுவனங்கள் விற்ற செலாவணியை முழுவதும் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற சட்டம், நாணயம் அறிவிப்பதற்கு ஓராண்டு முன்பே அமலில் இருக்க வேண்டும். எரிபொருள், அரிசி, மருந்து மூன்றுக்கும் குறைந்தது ஆறு மாத இறக்குமதிக்கான செலாவணி, முடக்க முடியாத இடத்தில் தனியாக. மூலதன வெளியேற்றத்துக்குத் தடை அறிவிப்புக்கு முந்தைய இரவே. மறுநாள் போட்டால் பணம் போயிருக்கும். சிஎஃப்ஏ நோட்டு அச்சாவது பிரான்சின் ஷமாலியேரில், ஆகவே அச்சு ஒப்பந்தம் வேறு நாட்டுடன், அமைதியாக.

பழைய நோட்டை மாற்ற இரண்டு, மூன்று வாரம் போதும். ஆனால் நாடோடி மேய்ப்பர்களிடமும் சிற்றூர்களிலும் வங்கி கிடையாது. நடமாடும் மாற்று முகாம் இல்லையென்றால் ஏழையின் நோட்டு காகிதமாகும், அன்றே மக்கள் ஆதரவு போய்விடும். மதிப்பை யூரோவோடு மட்டும் கட்டாமல் டாலர், யுவான், யூரோ கூடையோடு பிணைக்கலாம். கடன்: சட்டப்படி உள்நாட்டில் வெளியிட்ட பத்திரத்தைப் புதிய நாணயத்தில் மாற்றலாம். வெளிநாட்டு வங்கி ஒத்துக்கொள்ளாது, வழக்கு வரும். அதற்கு எதிரே பேரம் பேசப் பொதுக் கையிருப்பில் நமக்குள்ள பங்கு இருக்கிறது. ஒரு நாடு தனியாகப் போனால் மாலியின் 1962. மூன்றும் சேர்ந்து போனால் குறைந்தபட்சம் தங்களுக்குள் மாடும் தானியமும் ஒரே நாணயத்தில் நகரும்.

வடகரை:
பட்டியலில் எல்லாம் மேலிருந்து வருகிறது. விடுதலைப் போராட்டத் தலைவர் கப்ராலின் கினி-பிசாவைப் பாருங்கள். அவருடைய கட்சியின் 1964 பிப்ரவரி கசாக்கா மாநாட்டுக்குப் பிறகு விடுவிக்கப்பட்ட பகுதிகளில் 'மக்கள் கடைகள்' திறந்தார்கள். விவசாயி நெல்லும் பனைப்பொருளும் கொண்டுவந்தால் துணி, உப்பு கிடைக்கும். போர்ச்சுகீசிய எஸ்குடோ தேவைப்படவில்லை. வணிகம் கைக்கு வந்தது, நாணயம் அதன் பின்னால் தானாகத் தேவையற்றுப் போனது.

கணக்கன் கேட்டாரே, 1997-இல் அவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று. விடுதலைக்குப் பிறகு முதலீடு பிசாவு நகரை நோக்கித் திரும்பியது. நாட்டில் விளையும் மொத்த நிலக்கடலையைவிடப் பெரிய கொள்ளளவில் குமெரேயில் ஆலை கட்டினார்கள். நெல் விவசாயிக்குக் கடையில் வாங்கப் பொருள் இல்லை, எனவே நெல்லை எல்லை தாண்டி விற்றார். நாட்டின் நாணயமான பெசோ சரிந்தது, 1987-இல் உலக வங்கி, ஐஎம்எஃப் நிபந்தனைகளோடு கட்டமைப்புச் சீரமைப்பு வந்தது, பத்தாண்டு கழித்து 65 பெசோவுக்கு 1 சிஎஃப்ஏ என்று மாற்றிக்கொண்டார்கள். குட்டி முதலாளித்துவ வர்க்கம் தன்னைத்தானே ஒரு வர்க்கமாக மாய்த்துக்கொண்டு மக்களோடு கலக்க வேண்டும் என்று கப்ரால் 1966 ஜனவரியில் ஹவானாவில் கேட்டார். அவர் 1973-இல் கொல்லப்பட்டார், அவருடைய கட்சியின் அதிகாரிகள் அதைச் செய்யவில்லை.

இப்போது சாஹேலின் (சஹாராவின் தென்விளிம்பின்) இந்த மூன்று நாடுகளையும் ஆள்பவர்கள் ராணுவ அதிகாரிகள். தங்கத்தில் அரசின் பங்கை அவர்கள் உயர்த்தியிருக்கிறார்கள், வரவேற்கிறேன். அந்தப் பணம் கிராமக் கூட்டுறவுக்கும் விதைக்கும் கிணற்றுக்கும் போகிறதா, யார் கணக்குக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. உங்கள் ஆறு மாதக் கையிருப்புக்கு யார் பொறுப்பு, தோழர்? அதைச் சொல்லுங்கள், மீதியைப் பேசுவோம்.