ஊட்டி லாட்ஜில் மாட்டிக்கொண்டோம், இருப்பதா மாறுவதா?

கேள்வி: மே மாதக் கூட்டத்தில் கிடைத்ததே போதும் என்று முழுப் பணமும் கட்டிவிட்டோம். வந்து பார்த்தால் படத்துக்கும் அறைக்கும் சம்பந்தமே இல்லை. சுவரெல்லாம் பூஞ்சை, கம்பளியில் ஈர வாடை, வெந்நீர் பக்கெட்டில்தான், அதுவும் காலை ஆறிலிருந்து எட்டு வரை என்று கதவுக்குப் பின்னால் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வீசிங் வேறு. பணம் திரும்ப வருமா?

மலைக்காற்று: பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் வீடியோ எடுத்து, ஆப்பில் பதிவு செய்திருந்தால் அங்கேயே புகார் போடுங்கள். ராத்திரி தங்கிவிட்டுக் கேட்டால் பிடி கொடுக்க மாட்டார்கள். மசியவில்லை என்றால் 1915, நுகர்வோர் உதவி எண்.

குன்னூர்க்காரன்: 2,240 மீட்டர் உயரம் சார், வெயில் படாத அறை புது ஓட்டலிலும் ஈரமாகத்தான் இருக்கும். மாடியில் கிழக்குப் பார்த்த அறை கேளுங்கள். மெத்தைத் தையலைத் தூக்கிப் பாருங்கள், கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. அப்புறம், குளிருக்குக் கரி அடுப்பு கொடுத்தால் தயவுசெய்து அறைக்குள் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சுற்றுலாப்பிரியை: வீசிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். கோத்தகிரியில் கூட்டம் குறைவு, அதே நீலகிரி மாவட்டம்தான், வண்டியில் வர ஆன்லைனில் வாங்கிய அனுமதிச் சீட்டு, அந்த இ-பாஸே போதும்.

கேள்வி கேட்டவர்: மேல்மாடி அறை கொடுத்தார்கள், ஜன்னல் திறக்கிறது. இன்றைக்கு இங்கே, நாளை கோத்தகிரி. பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார் மேனேஜர், பார்ப்போம்.