சேமிப்பு நிறைந்த கல்லீரல் இருந்தும் சர்க்கரை குறைவது ஏன்?

கேள்வி:
என் அக்காவின் ஒன்றரை வயது மகனுக்கு வயிறு எப்போதும் உப்பியே இருக்கிறது. இரவுப் பால் தவறினால், விடியற்காலையில் உடல் வியர்த்துத் துவண்டுவிடுகிறான். கல்லீரல் வீங்கியிருப்பதாகவும், மரபணுப் பரிசோதனையின்படி இது கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் 1ஏ வகை என்றும் மருத்துவர் கூறினார். சேமிப்பு மிஞ்சியிருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை எப்படிக் குறையும்? பழத்தையும் பாலையும் ஏன் தடுக்கிறார்கள்?

பதில் 1:
கல்லீரலில், சர்க்கரையின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜன் உடையும்போது பெரும்பாலும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாகவே வந்து நிற்கிறது. அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிக் குளுக்கோஸை இரத்தத்தில் சேர்க்க உதவும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்னும் நொதிதான் இக்குழந்தைகளிடம் செயல்படுவதில்லை. குதிர் நிறைய நெல் இருந்தும் அதன் வாய் திறக்காத வீட்டின் நிலைதான் இது. வெளியேற வழியற்ற சர்க்கரை லாக்டிக் அமிலமாகவும் கொழுப்பாகவும் மாறுகிறது. யூரிக் அமிலமும் கூடுகிறது. பழத்திலுள்ள ஃப்ரக்டோஸும் பாலிலிருந்து வரும் காலக்டோஸும் கல்லீரலில் இதே இடத்தில் சிக்கிக்கொள்வதால், இரத்தச் சர்க்கரையை உயர்த்தாமல் லாக்டிக் அமிலத்தையே பெருக்குகின்றன. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் 1952இல் இந்த நொதிக் குறைபாட்டைக் கண்டறிந்தனர்.

பதில் 2:
மேலே கூறியது சரியே. ஆனால் வீட்டாருக்கு அன்றாடம் உதவுவது வேகவைக்காத மக்காச்சோள மாவுச்சத்து. 1984இல் இம்முறை வெளியானபின் சிகிச்சையின் போக்கே மாறியது. கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை மாவையே வாங்க வேண்டும். மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. அதை ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். வெந்நீரில் கரைத்தால் மாவு வெந்து விரைவில் செரித்துவிடுவதால், சர்க்கரை மெல்ல மெல்ல வெளிவரும் பயன் போய்விடும். அளவையும் இடைவெளியையும் குழந்தையின் வயது, எடை, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவக் குழுவே முடிவு செய்யும்; நாமாக மாற்றக் கூடாது. மூளை லாக்டிக் அமிலத்தையும் எரிபொருளாகக் கொள்ளும் என்பதால், சர்க்கரை இறங்கிய பின்னும் சில குழந்தைகள் தெளிவாகவே விளையாடுவார்கள். முகத்தைப் பார்த்து நம்பாமல் குளுக்கோமீட்டரில் பார்ப்பதே நல்லது. வாந்தி எடுத்து மாவு தங்காவிட்டால், நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். 1பி வகையில் நொதி நன்றாகவே இருக்கும். குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை அதனிடம் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதமே பழுதாகியிருக்கும். அவ்வகையில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள் குறைந்து, அடிக்கடி தொற்று ஏற்படும். உங்கள் குழந்தைக்கு 1ஏ உறுதியாகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு கருவுக்கும் இந்நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணந்தவர்களிடம் இவ்வாறு இருவரும் ஒரே பழுதைச் சுமப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. மாற்றம் எதுவென்று தெரிந்திருப்பதால் அடுத்த கருவைத் தொடக்கத்திலேயே பரிசோதிக்க முடியும். அக்காவும் அத்தானும் அதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைச் சந்திப்பது நல்லது.