நிஞ்ஜா ஆமைகளை எந்தக் காலத்து உருவத்தில் வரைவது? நூலகச் சுவருக்கு யோசனை வேண்டும்

தேயிலைமேடு (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊரில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். ஊர் நூலகத்தின் பக்கச் சுவர் 12 அடி அகலம், 8 அடி உயரம், சும்மா கிடக்கிறது. படம் வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். என்ன வரையலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன், எல்லாரும் நிஞ்ஜா ஆமைகள் என்றார்கள். காமிக்ஸ், கார்ட்டூன், சினிமா எல்லாவற்றிலும் வரும் நான்கு சண்டைக்கார ஆமைச் சகோதரர்கள். கண்ணைச் சுற்றிக் கட்டிய பட்டை லியோனார்டோவுக்கு நீலம், ரபேலுக்குச் சிவப்பு, டொனடெல்லோவுக்கு ஊதா, மைக்கேலாஞ்சலோவுக்கு ஆரஞ்சு.

சரி, வீட்டிலிருந்து மாதிரி வரைந்து கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். வந்த படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால் நான்கு ஆமைகள் இல்லை, நாற்பது ஆமைகள் மாதிரி இருந்தது. ஒரு பெண் தன் அப்பா சின்ன வயதில் பார்த்த பழைய டிவி ஆமைகளை அவரிடமே கேட்டு வரைந்திருந்தாள். நான்கும் ஒரே அச்சு, இடுப்புப் பட்டையில் ஆங்கில எழுத்து. இன்னொருவன் வரைந்த ரபேல் மலை மாதிரி, முதுகெல்லாம் முள். வேறொருத்தியின் டொனடெல்லோ கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெட்போன் மாட்டியிருந்தது. எது "நிஜமான" ஆமை என்று சண்டை, மூன்று பேர் அழுதுவிட்டார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பிலேயே நல்ல கை அவனுக்கு. லியோனார்டோவுக்கும் டொனடெல்லோவுக்கும் ஒரே நீலம் அடித்திருந்தான், ரபேலின் கண்பட்டையில் ஒரு மாதிரிப் பழுப்பு. கவனமில்லாமல் அடித்திருக்கிறாய் என்று கடிந்துகொண்டேன். பிறகு பக்கத்துப் பெண்தான் சொன்னாள், அவன் எப்போதும் கிரேயான் மேல் ஒட்டிய காகிதத்தில் பெயரைப் படித்துத்தான் எடுப்பான், காகிதம் கிழிந்திருந்தால் அவளிடம் கேட்பான் என்று. அவன் அம்மாவிடம் பேசினேன். தன் தம்பிக்கும் சிவப்பு பச்சை பிரித்துப் பார்ப்பது சிரமம், பழுத்த மிளகாயைச் செடியில் தேடுவான் என்றார். பையனைக் கடிந்துகொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான்கு பேரையும் நிறத்தை வைத்துத்தான் ஊர் உலகம் அடையாளம் காண்கிறது. அந்தப் பையன் சுவர் முன்னால் நிற்கும்போது இவன்தான் ரபேல் என்று யாரையும் கேட்காமல் சொல்ல வேண்டும். எந்தக் காலத்து உருவத்தை எடுத்தால் அது நடக்கும்? அப்புறம், இத்தனை தடவை ஏன் மாற்றினார்கள் என்பதும் தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

---

பழைய ஆன்டெனா (ஊட்டி)

அக்கா, உங்கள் கேள்விக்கு விடை முதல் புத்தகத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1984 மே மாதம் இந்த ஆமைகளை உருவாக்கிய கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் சொந்தமாக அச்சடித்து வெளியிட்ட முதல் காமிக்ஸ் இதழ் கறுப்பு வெள்ளை. 3,000 பிரதிகளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அட்டையில் மட்டும் நிறம், அதிலும் நான்கு பேருக்கும் சிவப்புக் கண்பட்டை. ஒரே உயரம், ஒரே முகம், பின்னால் ஒரு குட்டி வால்கூட உண்டு. யார் எவர் என்று தெரிய கையைப் பார்க்க வேண்டும். இரண்டு நீள வாள் என்றால் லியோனார்டோ, முக்கவர் முள் மாதிரி இரண்டு சை என்றால் ரபேல், நீளக் கம்பு என்றால் டொனடெல்லோ, சங்கிலியால் கோத்த இரண்டு குட்டைக் கம்பு, அதாவது நுஞ்சாக்கு என்றால் மைக்கேலாஞ்சலோ. நிறமே இல்லாத படத்தில் பிறந்தவர்கள் இவர்கள், ஆகவே நிறம் தெரியாத பையன் பார்க்க முடியாத ஆமைகள் என்று எதுவும் இல்லை.

நீலம் சிவப்பு ஊதா ஆரஞ்சு எல்லாம் 1987 கார்ட்டூனில் வந்தது. அந்தத் தொடருக்குப் பின்னால் பொம்மைக் கம்பெனி நின்றது. பிளேமேட்ஸ் நிறுவனம் பொம்மை கொண்டுவருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அறிமுகமாகட்டும் என்று டிசம்பரில் ஐந்து பாகம் மட்டும் ஒளிபரப்பினார்கள், 1988-இல் பொம்மைகள் கடைக்கு வந்தன. கடை அலமாரியில் நான்கு பச்சைப் பொம்மையும் ஒன்று போலவே இருந்தால் ஒரு பிள்ளை ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆளுக்கொரு நிறம், இடுப்பில் முதல் எழுத்து என்றால் நான்கும் வேண்டும் என்று கேட்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து ஒரே நொடியில் யார் என்று தெரிவது நல்ல வடிவமைப்புதான், 1996 வரை அந்தத் தொடர் ஓடியது அதனாலும்தான்.

இன்னொன்று. ஆயுதமும் நிலையாக இருக்கவில்லை. பிரிட்டனில் நிஞ்ஜா என்ற சொல்லே கூடாது என்று பெயரை ஹீரோ டர்ட்டில்ஸ் என்று மாற்றினார்கள், நுஞ்சாக்கு வரும் காட்சிகளை வெட்டினார்கள். கடைசியில் மூலத் தொடரிலேயே மைக்கேலாஞ்சலோ கையில் நுஞ்சாக்கு போய்க் கயிறு கட்டிய கொக்கி வந்துவிட்டது. ஆயுதத்தால் மட்டுமே தெரிந்த ஒருவனிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கினால் மிஞ்சுவது ஆரஞ்சுத் துணிதான். ஆகவே உங்கள் சுவரில் ஆயுதத்தைப் பெரிதாகப் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

---

பனிக்கோடு (வெலிங்டன்)

நான் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவன், பிறகு கொஞ்ச காலம் அனிமேஷன் வேலையும் பார்த்தேன். மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

காலையில் மூடுபனி இறங்கும்போது தேயிலைக்காட்டில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். சேலை நிறம் பத்தடி தள்ளிப் போனால் தெரியாது. ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் யார் என்று சொல்லிவிடுவோம், கூடை தொங்கும் விதம், தோள், நடை. கதாபாத்திரம் வரைகிறவர்கள் செய்யும் சோதனையும் அதேதான். உருவம் முழுக்கக் கறுப்பு மை பூசிவிட்டு அப்போதும் ஆள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 1987 ஆமைகள் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிவிட்டால் இந்தச் சோதனையில் தேறவே மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழுவும் அந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறது. 2003 தொடரில் ஆளுக்கொரு பச்சை கொடுத்தார்கள், சண்டை போடும்போது கண்ணில் கருவிழி இல்லாமல் வெறும் வெள்ளை. அது உங்கள் பையனுக்கு உதவாது. 2012-இல் கணினி அனிமேஷனில் வந்ததுதான் திருப்பம். டொனடெல்லோ ஒல்லியாக எல்லாரையும்விட உயரம், முன்பல்லில் இடைவெளி. மைக்கேலாஞ்சலோ குள்ளம், கன்னத்தில் புள்ளிகள். ரபேலின் மார் ஓட்டில் ஒரு விரிசல். கண்பட்டையின் வால் நீளம்கூட ஆளுக்கு ஆள் வேறு.

2018-இல் வந்த தொடர்தான் என் நெஞ்சுக்கு நெருக்கம். நான்கு பேரும் ஆமை என்றால் என்ன ஆமை என்று கேட்டார்கள் பாருங்கள், அந்தக் கேள்வி முப்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை. ரபேல் கடிக்கும் ஆமை வகை, ஓடு முழுக்க முள், உடம்பு மற்றவர்களைப் போல இரண்டு பங்கு. லியோனார்டோ கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட வகை, வீட்டில் தொட்டியில் வளர்க்கிறார்களே அது. மைக்கேலாஞ்சலோ பெட்டி ஆமை, சின்ன உருண்டை, உடம்பை முழுவதுமாக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வான். டொனடெல்லோ மென்ஓட்டு ஆமை. அவன் முதுகு மெத்தென்று இருப்பதால் அடி தாங்காது, அதனால் தானே ஒரு இயந்திர ஓடு செய்து மாட்டிக்கொள்கிறான். எந்திரம் செய்கிறவன் என்ற அவன் பழைய குணத்துக்கு உடம்பிலேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நம் மலைப் பிள்ளைகள் ஆமை பார்த்திருப்பது குறைவு, அவர்களுக்குச் சமவெளிக் குளங்களில் இருக்கும் பாலாமையைக் காட்டுங்கள், அதுவும் மென்ஓட்டுக் குடும்பம்தான்.

என் யோசனை 2018 உருவம். அந்தப் பிள்ளை ரபேலைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலும் சொல்லிவிடுவான்.

---

ரயிலடி வீடு (குன்னூர்)

பனிக்கோடு அண்ணன் சொல்வது புரிகிறது, ஆனால் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

நான்கு பேரும் ஒன்று போல இருப்பது குறை என்றே எல்லாரும் பேசுகிறோம். எனக்கு இரட்டைப் பிள்ளைகள். பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிச் சட்டை வாங்கித் தருவார்கள் உறவினர்கள், இருவருக்கும் குணம் வானத்துக்கும் பூமிக்கும். 1984 புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான், ஒரே முகம் உள்ள நான்கு பேரில் ஒருவன் பொறுப்பானவன், ஒருவன் கோபக்காரன். உடம்பைப் பார்த்து அது தெரியாது, அவன் பேசுவதைக் கேட்க வேண்டும், செய்வதைப் பார்க்க வேண்டும். உடம்பையே குணமாக்கினால் பெரிய உடம்பு என்றால் முரடன், ஒல்லி என்றால் படிப்பாளி, குள்ளம் என்றால் விளையாட்டுப் பிள்ளை என்று ஆகிவிடுகிறது. வகுப்பில் பெரிய உடம்புள்ள பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு எப்படி இருக்கும்?

1990 படத்தில் நடிகர்கள் மாட்டிக்கொள்ள, பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறை செய்த ரப்பர் உடைகளைப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் முகத்துக்குள் வைத்த சின்னச் சின்ன இயந்திரங்களால் உதடும் புருவமும் அசையும். ரபேல் தலையைக் குனிந்து உட்காருகிற விதத்திலேயே ஆள் தெரியும். 2014 படத்தில் அதற்கு நேர் மாறாக ஆறடிக்கு மேல் உடம்பும், மூக்குத் துளையும், ஆளுக்கு ஒரு மூட்டைச் சாமானும் மாட்டினார்கள். நிச்சயம் வேறுபாடு தெரிந்தது, ஆனால் என் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

என் யோசனை, உருவம் ஒன்றாக இருக்கட்டும், நிற்கும் விதம் வேறாகட்டும். ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்கட்டும், ஒருவன் நூலகச் சுவர்தானே, உட்கார்ந்து புத்தகம் படிக்கட்டும்.

---

பனிக்கோடு (வெலிங்டன்)

நீங்கள் சொன்னது எனக்கு உறைக்கிறது தங்கை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், 2018 ரபேல் பெரிய உடம்புக்காரன்தான், ஆனால் முரடனாக எழுதவில்லை. தம்பிகளைப் பொத்திப் பொத்திப் பார்க்கிற அண்ணன், தொடரின் பெரும்பகுதி தலைவனும் அவன்தான். பழைய கோபக்காரனை எதிர்பார்த்துப் பார்த்தவர்கள் முதலில் ஏற்கவில்லை. ஆனால் நிற்கும் விதம் பற்றி நீங்கள் சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

ஏரிக்கரை (கொடைக்கானல்)

கண் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன், அதனால் அந்தப் பையன் பற்றி மட்டும்.

தாய்மாமனுக்கும் இருக்கிறது என்றால் பொருந்துகிறது. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, அம்மாவுக்குத் தெரியாமலே அவர் வழியாக மகனுக்கு வரும், பையன்களிடம்தான் அதிகம். ஒரு முறை நிறப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புள்ளிப் படங்களை வைத்துப் பரிசோதித்துவிடுவது நல்லது. பார்வைக் கூர்மைக்கு ஒன்றும் ஆகாது.

ஆமைகளைப் பொறுத்தவரை அவனுக்கு எவ்வளவு கஷ்டமான நான்கு நிறம் என்று பாருங்கள். ஊதாவில் இருக்கும் சிவப்பு தெரியாததால் அது நீலமாகிவிடும், ஆகவே லியோவும் டொனடெல்லோவும் ஒன்று. சிவப்பும் ஆரஞ்சும் பச்சைத் தோலோடு ஒன்றாகக் கலங்கும். அவன் அடித்த நீலமும் பழுப்பும் கவனக்குறைவு கிடையாது, அவன் கண்டதை அப்படியே அடித்திருக்கிறான்.

நிறத்தை விட வேண்டாம், வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஆரஞ்சை நன்றாக வெளிறிய ஆரஞ்சாக, சிவப்பைக் கறுப்பை ஒட்டிய ஆழமான சிவப்பாக, ஊதாவை வெளிர் ஊதாவாக, நீலத்தை அடர் நீலமாக. மாதிரியை வரைந்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். அதில் நான்கு கண்பட்டையும் பிரிந்து தெரிந்தால் அவனுக்கும் பிரிந்து தெரியும் என்று ஓரளவு நம்பலாம். அப்புறம் அவனையே கேளுங்கள், அதுதான் சரியான பரிசோதனை.

---

தேயிலைமேடு (கோத்தகிரி)

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் பேசிவிட்டு வருகிறேன்.

முதலில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு 1984 அட்டை எப்படி இருந்தது என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவே இல்லை, நான்கு பேருக்கும் சிவப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எது நிஜம் என்ற சண்டை அதோடு நின்றது, ஏனென்றால் அந்தக் கணக்குப்படி அவர்கள் எல்லாரும் வரைந்தது மாற்றிய உருவம்தான்.

உருவம் 2018-ஐ ஒட்டி, ஆனால் ரபேலை அவ்வளவு பெரிதாக்கப் போவதில்லை. குன்னூர்த் தோழி சொன்னபடி ஆளுக்கொரு இருப்பு, டொனடெல்லோ கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படிக்கிறான். இடுப்புப் பட்டையில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக லி, ர, டொ, மை என்று தமிழில் எழுதலாம் என்று அந்தப் பையன்தான் சொன்னான். வெளிக்கோடு முழுவதும் அவன் கை.

வண்ணம் எப்போது அடிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். சுவரின் அடிப்பக்கம் கொஞ்சம் ஓதம் தெரிகிறது.

---

பனிக்கோடு (வெலிங்டன்)

இப்போது தொடாதீர்கள். கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பலம், அது முடிந்து தை பிறந்து சுவர் நன்றாகக் காயட்டும். பழைய சுண்ணாம்பை இரும்புத் தகட்டால் சுரண்டிவிட்டு வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை, பிறகு வெளிச்சுவர் எமல்ஷன். ஓதம் ஏறுகிற கீழ் இரண்டு அடியை வெறுமனே விட்டு ஆமைகளை அதற்கு மேல் நிறுத்துங்கள்.

ரபேலுக்குக் கடையில் கிடைக்கும் பளிச் சிவப்பை வாங்க வேண்டாம், மலை வெயிலில் அதுதான் முதலில் வெளுக்கும். ரெட் ஆக்சைடு, அதாவது காவியில் கொஞ்சம் கறுப்புக் கலந்து அடியுங்கள். கொடைக்கானல்காரர் கேட்ட ஆழமான சிவப்பும் அதுதான், வெயிலுக்கும் அசையாது. தையில் சொல்லி அனுப்புங்கள், சாரம் கட்ட இரண்டு மூங்கிலோடு வந்துவிடுகிறேன்.