ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி வருகிறவர்கள் என்னிடம் விசாரிப்பதெல்லாம் குளிரையும் அரிசியையும் பற்றித்தான். இரண்டுக்கும் வழி இருக்கிறது. நல்ல கோட் ஒன்று வாங்கலாம், பெரிய ஊர்களில் தமிழ்க் கடையும் இருக்கும். யாரும் கேட்காத விஷயம் தபால். ஊரில் கடிதம் என்ற ஒன்றையே மறந்துவிட்டு வருகிறோம். இங்கே வரி, வங்கி, காப்பீடு, அபராதம் எல்லாம் இன்னும் பெரும்பாலும் கடிதத்தில்தான் வருகின்றன.

வீடு கிடைத்த அன்றே அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் கீழே தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டையானாலும் திரும்பிப் போய்விடும். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறீர்களா? அவர் பெயருக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினாலும் போதும். நான் வந்த புதிதில் தமிழ்க் கடைக்குப் போனபோது, கல்லாவில் இருந்த ஈழத்து அண்ணன் முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பெட்டியில பேர் ஒட்டியாச்சோ?"

எந்தப் பெயரை ஒட்டுவது என்பது நமக்கென்றே வந்த தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பலருக்கு அப்பா பெயர்தான் இருக்கும். அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் "ஹெர் சுப்பிரமணியன்", அதாவது திரு. சுப்பிரமணியன், என்று கூப்பிட்டால், அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். பழகிவிடும். ஆனால் கடிதம் அந்தப் பெயருக்குத்தான் வரும் என்பதால் பெட்டியில் அதையே ஒட்டுங்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று என்றால் இரண்டையும் ஒட்டுங்கள். எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துகள்தான். அங்கே ஓர் இனிஷியல், இங்கே முழுப்பெயர் என்று கலக்காதீர்கள்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் அதற்குத் தேவை. அதைத் தர மாட்டேன் என்று சொல்லும் வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் ஆறாம் வரி வகுப்பில், இருப்பதிலேயே அதிகமாகப் பிடித்துவிடுவார்கள். பிறகு கணக்கில் திரும்ப வரும், ஆனால் முதல் சம்பளத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கும்.

அதே பதிவு விவரத்தை வைத்து வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வந்துவிடும். மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லையே" என்ற வாதம் செல்லாது. அது வீட்டுக்கான கட்டணம். நாலு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பலாம். ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிழித்துப் போட்டு, அபராதத்தோடு கட்டியவர்கள் நம்மவர்களில் நிறைய.

மஞ்சள் உறையில் வரும் கடிதத்துக்குத் தனி மரியாதை கொடுங்கள். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ சட்டப்படி ஒப்படைக்கும் கடிதம் அது. பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் கெடு அன்றிலிருந்து ஓடும். போக்குவரத்து அபராத ஆணை என்றால் ஆட்சேபிக்க இரண்டே வாரம். உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வீட்டு விஷயத்தில், விளம்பரத்தில் போட்டிருக்கும் 'கால்ட்' வாடகையைப் பார்த்து மயங்காதீர்கள். வெப்பம், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்த 'வார்ம்' வாடகையைக் கேளுங்கள். முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். சமையலறை என்ற அறை இருக்கும், அடுப்பும் தொட்டியும் இல்லாமல் வெறும் சுவராக இருக்கும். முந்தைய குடியிருப்பாளர் கழற்றிக்கொண்டு போயிருப்பார்! இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து தூக்கி வரும் அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. மிக்ஸி ஓடும், மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக்காதீர்கள். அன்று அமைதி நாள், கடைகளும் மூடியிருக்கும். சமைத்து முடித்ததும், குளிர் காலமானாலும், சன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

தனிநபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது நீங்கள் தவறுதலாகப் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான ஹாஃப்ட்ஃப்லிஷ்ட், ஒன்று எடுத்துவிடுங்கள். ஆண்டுக்குப் பெரிய தொகை இல்லை. வாசல் சாவி தொலைந்தால் சில கட்டடங்களில் எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டிவரும். சாவி இழப்பும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

டிசம்பரில் பெர்லினில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. அந்த மாதங்களில் மதிய இடைவேளையிலாவது வெளியே நடங்கள். வார இறுதியில் அறைக்குள்ளேயே சுருண்டு கிடக்காதீர்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002 இல் குடமுழுக்கு நடந்தது, ஈழத்தமிழர் உழைப்பில் எழுந்த கோபுரம். கோடையின் தொடக்கத்தில் தேர். எண்பதுகளில் அகதியாக வந்து, மொழி தெரியாமல் இந்தக் கடிதங்களோடெல்லாம் மல்லுக்கட்டியவர்களை அங்கே பார்க்கலாம். புரியாத கடிதம் கையில் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், படித்துச் சொல்வார்கள்.

கார் ஓட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று: இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதியாக வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் கிடையாது.