கேபின் கூரையில் நிலையான மேல் கேரியர்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

*சின்ன மாமா:* அனைவருக்கும் காலை வணக்கம். என் பிக்கப் வண்டியில் மேல் கேரியரை இனிக் கழற்றவே தேவையில்லாதபடி நிலையாகப் பொருத்த முடிவு செய்திருக்கிறேன். முன்கால்களைக் கேபின் கூரையில் துளையிட்டு முடுக்கி, பின்கால்களைச் சுமைத் தொட்டியின் விளிம்பில் இறக்கிவிட்டால், நீளமான ஏணியையும் குழாய்களையும் வைக்க வசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாமா, மாப்பிள்ளை?

*நான்:* மாமா, பின்கால்களைத் தொட்டியில் இறக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியில் கேபின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது; தொட்டியோ சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, தனியே முடுக்கப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸி முறுகும்போது இரண்டும் வெவ்வேறாக அசையும். நடுவில் இருக்கும் இடைவெளியே அந்த அசைவுக்காக விடப்பட்டதுதான். இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தால் கட்டிவிட்டால், முறுக்கு முழுவதும் கூரைத் துளைகளின் ஓரத்தில் போய் இறங்கும்; தகரம் அங்கேதான் விரிசல் விடத் தொடங்கும்.

*சின்ன மாமா:* அப்படியானால் நான்கு கால்களையும் கூரையிலேயே வைத்துவிடுகிறேன். கையால் அழுத்திப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது.

*நான்:* கூரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, மாமா. எடையைத் தாங்குவது இரு ஓரங்களிலும் ஓடும் சட்டமும், தகரத்துக்கு அடியில் குறுக்கே செல்லும் விட்டங்களும்தான். கால்கள் அவற்றின் மேலேயே அமைய வேண்டும். அதுவும் கீழ்நோக்கி அழுத்தும் எடையை மட்டும் நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓடும்போது காற்று கேரியரைப் பின்னுக்குத் தள்ளும், மேலே அகலமான சுமை இருந்தால் தூக்கவும் பார்க்கும். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால் அந்த விசை நான்கு மடங்காகும்.

*அத்தை:* துளையே போடாமல் பொருத்த வழி இல்லையா? புது வண்டியின் தலையில் ஓட்டை போடுவதை நினைத்தாலே எனக்கு மனம் ஒப்பவில்லை.

*நான்:* இருக்கிறது, அத்தை. பழைய வண்டிகளில் கூரையோரம் மழைநீர் வழியும் விளிம்பு இருக்கும். அதில் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். சில புது வண்டிகளில் ஓரத்துக் கறுப்புப் பட்டைக்கு அடியில் போல்ட் முடுக்க மரைத்துளைகளை நிறுவனமே வைத்திருக்கும். மாமா அந்தப் பட்டையை நெம்பாமல், கையேட்டில் முதலில் பார்க்கட்டும்.

*சின்ன மாமா:* கையேட்டைப் பார்த்தேன். இந்த வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. விளிம்பும் இல்லை. துளை போட்டுத்தான் ஆக வேண்டும்.

*அக்கா:* மாமா, உங்கள் வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக், அதாவது மோதலின்போது ஜன்னலோரம் திரைபோல விரியும் காற்றுப்பை, இருக்கிறதா? இருந்தால் அது நீங்கள் துளையிடப் போகும் அதே ஓரச் சட்டத்தை ஒட்டித்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். டிரில் முனை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அப்படி இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

*சின்ன மாமா:* இல்லை அம்மா, முன்பக்கம் இரண்டு மட்டும்தான்.

*பெரிய மாமா:* தம்பி, என் பழைய வண்டியில் நடந்ததைக் கேள். புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோனைப் பூசித் துளைகளை அடைத்தேன். அதிலிருந்து வெளிவருவது அசிட்டிக் அமிலம் என்றும், அது இரும்பை அரிக்கும் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே உட்கூரைத் துணி கறைபட்ட பிறகு பிரித்தால், துளையைச் சுற்றித் தகரம் பொரிந்துபோயிருந்தது. நீ பாலியூரித்தேன் சீலன்ட்டையே வாங்கு.

*நான்:* பெரிய மாமா சொல்வது மிகச் சரி. மாமா, முதலில் உட்கூரையை முழுவதும் இறக்கி விட்டங்களும் விளக்குக்குப் போகும் ஒயர்களும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான ரிவெட் நட் (துளையில் செருகி நசுக்கினால் தகரத்தைப் பிடித்துக்கொள்ளும் மரை நட்) வைத்தால் துளை 11 மில்லிமீட்டர் வேண்டும். அடிப்பக்கம் மூடிய வகையாக வாங்கினால் மரை வழியே நீர் இறங்காது. தகரம் மட்டும் இருக்கும் இடத்தில் ரிவெட் நட்டை நம்பாதீர்கள். அங்கே அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். துளையின் பிசிறை அரத்தால் தேய்த்து, வெட்டிய விளிம்பில் பிரைமர் பூசி உலரவிட்ட பிறகே சீலன்ட். டிரில் துகள்களைக் காந்தத்தாலும் தூசி உறிஞ்சியாலும் அன்றே எடுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் ஓர் இரவு ஈரத்தில் கிடந்தாலே துருப்புள்ளி விழுந்துவிடும்.

*சின்ன மாமா:* எவ்வளவு எடை ஏற்றலாம்?

*நான்:* கையேட்டில் உள்ள கூரைச் சுமை வரம்பில் கேரியரின் எடையும் அடங்கும். வரம்பு 75 கிலோ, கேரியர் 25 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 50 கிலோதான். ஏணிக்குத் தொட்டியில் தனியாக ஒரு சட்டம் நிறுத்தி, அதன் மேல் ஏணியைத் தளராமல் கட்டுங்கள். கேபின் கேரியரோடு அந்தச் சட்டத்தை இணைக்க வேண்டாம்.

*சின்ன மாமா:* சரி, மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை உட்கூரையை மட்டும் இறக்கிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ விட்டங்களைக் குறித்துக் கொடுக்கும் வரை துளை போட மாட்டேன்.