ஸ்கிரீனிங்: ‘மறைதொற்றுச் சோதனை’ சரியாக வருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாலியல் நலக் கையேட்டுக்காக ‘ஸ்கிரீனிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். வந்த சொற்களை எல்லாம் இரண்டு நாளாக வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

> ‘பரிசோதனை’ என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்பதுதான் என் கவலை. புண்ணோ எரிச்சலோ வந்து மருத்துவரிடம் போகிறவருக்குச் செய்வதும் பரிசோதனைதான். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்வதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறோம். கிளமிடியா என்ற பாலியல் நோய்க்கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. ஆனால் அது கருக்குழாய் வரை ஏறித் தழும்பை உண்டாக்கி, குழந்தைப்பேற்றையே தடுத்துவிடலாம். சிபிலிஸ் என்ற பாலியல் நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறியும் போகும். கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். வெறுமனே ‘பரிசோதனை’ என்று எழுதினால், ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

‘திரையிடல்’ வேண்டாம், படம் ஓட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘சலித்தறிதல்’ பொருளளவில் சரி. ஆனால் ஆட்களைச் சல்லடையில் போட்டு நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பதுபோல் ஒலிக்கிறது. கூச்சத்தோடு வந்து நிற்கிறவரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘நோய்தேடல்’ முதலில் மிகவும் பிடித்திருந்தது. ‘நோயறிதல்’ என்பதற்குப் பக்கத்தில் அழகாக நிற்கிறது. தேடுவது வேறு, உறுதியாக அறிவது வேறு என்பதும் அதில் வந்துவிடுகிறது. எச்ஐவி போன்றவற்றில் முதல் சோதனை ‘உண்டு’ என்று காட்டினாலும் உறுதிச் சோதனை செய்த பிறகே முடிவு சொல்வார்கள் என்பதால் இந்த வேறுபாடு தேவைதான். ஆனால் பேச்சில் ‘நோயைத் தேடிக்கொண்டான்’ என்றால் என்ன பொருள்? தானே போய் வரவழைத்துக்கொண்டான் என்றுதானே! பாலியல் தொற்று உள்ளவர்கள் இந்தப் பழியைப் போதுமான அளவு சுமந்துவிட்டார்கள். கலைச்சொல்லும் அதைச் சொல்ல வேண்டாம்.

‘அறிகுறிமுன் சோதனை’ என்றால் அறிகுறி பின்னால் வந்தே தீரும் என்றாகிறது. பலருக்கு அது வருவதே இல்லை.

அதனால் என் பரிந்துரை ‘மறைதொற்றுச் சோதனை’. ‘சுடுசொல்’ போல ‘மறைதொற்று’ ஒரு வினைத்தொகை. இங்கே மறைந்திருப்பது தொற்று, ஆள் அல்ல. (உள்ளே தங்கியிருக்கும் தொற்று என்ற பொருளில் ‘உறைதொற்று’ என்றும் யோசித்தேன், அடுத்த வரியிலேயே ஆணுறை வரும்போது குழப்பும்.) வாக்கியத்தில் பாருங்கள்: “ஆணுறை பயன்படுத்துவதோடு மறைதொற்றுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள், புதிய துணை என்றால் இருவரும் சேர்ந்தே போங்கள்.” இன்னொரு பயனும் உண்டு. கொனோரியா என்ற பாலியல் தொற்று தொண்டையிலும் ஆசனவாயிலும் தங்கக்கூடும். சிறுநீரை மட்டும் சோதித்தால் அது தெரியாது. ‘மறை’ என்ற சொல் இருப்பதால், ‘எங்கே மறைந்திருக்கும்?’ என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

அப்புறம், ‘விண்டோ பீரியட்’ என்பதற்கு வழங்கும் ‘சாளரக் காலம்’ பற்றி. தொற்றிய பிறகும் சோதனையில் தெரியாமல் இருக்கும் நாட்களுக்கு இந்தப் பெயரா? சன்னல் என்றால் வெளிச்சம், திறப்பு. இங்கே நிலைமை நேர் எதிர். எச்ஐவிக்கு, ஊசியால் எடுத்த இரத்தத்தில் எதிர்ச்செனி (ஆன்டிஜென், அதாவது கிருமியின் கூறு), எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, அதாவது அதை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனையில் இது 45 நாள் வரை நீளலாம். எதிர்ப்பொருளை மட்டும் பார்த்தால் 90 நாள் வரை. பத்தாம் நாளே சோதித்துவிட்டு ‘இல்லை’ என்று நிம்மதியாகப் போகிறவருக்கு ‘சாளரம்’ எதையும் எச்சரிக்காது. ‘பிடிபடாக் காலம்’ என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் என் சொல் தடுக்குகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி கிருமியைத் தேடும் சோதனைக்கு ‘மறைதொற்று’ பொருந்தும். 35 வயதுக்குள் ஒருமுறை, 45க்குள் மறுமுறை என்று உலக சுகாதார அமைப்பு இலக்கு வைத்திருப்பது இந்த வகைச் சோதனைக்குத்தான். ஆனால் கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துச் செய்யும் பாப் சோதனை பார்ப்பது தொற்றை அல்ல, செல்களின் மாற்றத்தை. அதற்கு ‘மறைநோய்ச் சோதனை’ என்றால், இன்னும் நோயாகாத நிலையை நோய் என்று சொல்லிவிடுகிறோமோ என்று தயங்குகிறேன். நோயியல் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.