நியூ ஜெர்சியில் ரெஸ்க்யூ பாசெட் ஹவுண்ட் தத்து எடுக்கலாமா? டவுன்ஹவுஸ், சின்னப் பிள்ளைகள், சைவச் சமையல்

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் எடிசனில் டவுன்ஹவுஸில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். அம்மாவோ மாமியாரோ மாறி மாறி ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்குவார்கள். போன ஏப்ரலில் ஓஷன் சிட்டியில் நடந்த டூ டா என்ற வேடிக்கை ஊர்வலத்துக்குப் போயிருந்தோம். அங்கே பாசெட் ஹவுண்டுகள் கூட்டம் கூட்டமாகக் காதை ஆட்டிக்கொண்டு நடந்து போனதை மகள் பார்த்தாள், அதிலிருந்து வேறு எந்த நாயின் படத்தைக் காட்டினாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நாய்களோடு வந்தவர்களிடம் பேசியபோதுதான் ட்ரை ஸ்டேட் பாசெட் ஹவுண்ட் ரெஸ்க்யூ லீக் என்று ஓர் அமைப்பு இருப்பதும், கைவிடப்பட்ட பாசெட்டுகளை அவர்கள் மீட்டு வீடு பார்த்துக் கொடுப்பதும் தெரிந்தது.

காசு கொடுத்துக் குட்டி வாங்க எனக்கும் மனைவிக்கும் மனம் வரவில்லை, வீடில்லாமல் காத்திருக்கிற ஒன்றை எடுத்து வளர்ப்போம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மனதில் சில கேள்விகள். முன்பு எங்கே எப்படி இருந்தது என்று தெரியாத, வளர்ந்த நாயைச் சின்னப் பையன் இருக்கும் வீட்டுக்குள் விடலாமா? எங்களுக்கு வேலி போட்ட பின்கட்டு கிடையாது, படுக்கையறை எல்லாம் மாடியில். வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை. கோடையில் ஊருக்குப் போனால் நாயை என்ன செய்வது? வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

செர்ரிஹில் மீனா:

நாங்கள் இரண்டு பாசெட் தத்து எடுத்தவர்கள். முதல் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது இருப்பவள் டெய்சி. உங்கள் முதல் கேள்விதான் முக்கியம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெஸ்க்யூவுக்கு வரும் பாசெட் எல்லாம் கடிக்கிற நாய், கெட்ட நாய் என்று நினைக்காதீர்கள். வளர்த்த பெரியவர் இறந்துபோயிருப்பார், பிள்ளைகளால் வைத்துக்கொள்ள முடியாது. கணவன் மனைவி பிரிந்து இருவரும் அபார்ட்மெண்டுக்குப் போயிருப்பார்கள். வைத்தியச் செலவு தாங்காமல் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. அப்புறம் குட்டி போட மட்டுமே கூண்டில் வைத்திருந்து, வயதானதும் தள்ளிவிடப்பட்ட பெண் நாய்கள். டெய்சி அந்த வகை. அடிவயிறு தளர்ந்து தொங்கும், மடிக்காம்புகள் நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும். வந்த புதிதில் மரத்தரையில் கால் வைக்கவே பயந்து, கம்பளத்தின் ஓரம் வரை வந்து முன்னங்காலை மட்டும் நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். தட்டில் சோறு வைத்தால் நாம் அறையை விட்டுப் போகும் வரை தொடமாட்டாள். இன்றைக்கு என் பெண் வீட்டுப்பாடம் எழுதும்போது அவள் பாதத்தின் மேல் டெய்சி தலையை வைத்துத் தூங்குகிறாள், எழுந்திருக்க நினைத்தால் பாதத்தை மெல்ல உருவித்தான் எடுக்க வேண்டும்.

முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதே என்கிறீர்கள். குட்டி வாங்கினால் அது எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது, வளர்ந்த ரெஸ்க்யூ நாயின் குணம் ஓரளவு தெரிந்தே உங்களிடம் வரும். காரணம் ஃபாஸ்டர் வீடு. இந்த மாதிரி அமைப்புகளில் பெரும்பாலும் நாயைக் கொட்டடியில் அடைத்து வைப்பதில்லை, தன்னார்வலர் ஒருவர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளோடு, பூனையோடு, வாக்குவம் கிளீனர் சத்தத்தோடு அது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரிடம் போனில் நிதானமாகப் பேசுங்கள். எலும்பையோ பொம்மையோ யாராவது எடுக்கப் போனால் உறுமுகிறதா, தூங்கும்போது குழந்தை தொட்டால் என்ன செய்கிறது, தனியாக விட்டுப் போனால் ஊளையிடுகிறதா, படி ஏறுகிறதா, இதெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல ஃபாஸ்டர் எதையும் மறைக்க மாட்டார். நாய் திரும்ப வந்தால் அவருக்குத்தானே அதிக வேதனை.

நடைமுறை இப்படித்தான் இருக்கும். முதலில் நீளமான விண்ணப்பம். முன்பு நாய் வளர்த்திருந்தால் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், கேட்டு விசாரிப்பார்கள், பிறகு ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார். டவுன்ஹவுஸ் என்றால் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள், சில இடங்களில் நாயின் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், பாசெட் பார்க்கக் குட்டையாக இருந்தாலும் 40 முதல் 65 பவுண்டு வரை வரும். தத்துக் கட்டணம் சில நூறு டாலர், வயதான நாய்க்குக் குறைவு. அதற்குள் கருத்தடை, தடுப்பூசி, இதயப்புழுப் பரிசோதனை, மைக்ரோசிப் எல்லாம் பொதுவாக முடிந்திருக்கும். பிறகு டவுன்ஷிப்பில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், நம் மாநிலத்தில் ஏழு மாதம் ஆன நாய்க்கெல்லாம் அது கட்டாயம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

வேலி இல்லை என்றால் சில அமைப்புகள் மறுத்துவிடும், சில அமைப்புகள் லீஷில், அதாவது கயிற்றில் பிடித்தே கூட்டிப்போவோம் என்று உறுதியாகச் சொன்னால் வயதான நாயாகப் பார்த்துக் கொடுக்கும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெட்டெக் சுதா:

நான் கால்நடை மருத்துவமனையில் டெக்னிஷியன். மீனா அக்கா சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், உடம்பு சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் எனக்குக் கவலை மாடிப்படிதான். இந்த இனத்துக்குக் கால் குட்டை, முதுகு நீளம், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் பின்னங்கால் தள்ளாடும், முதுகைத் தொட்டால் கத்தும், கவனிக்காமல் விட்டால் பின்பக்கம் செயலிழந்துபோகலாம். அதனால் படிக்குக் கீழே குழந்தைகளுக்குப் போடுவது போன்ற தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள். சோபாவிலிருந்தும் காரிலிருந்தும் குதிக்க விடாமல் சரிவுப் பலகை வையுங்கள். தூக்க வேண்டி வந்தால் ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு வளையாமல் தூக்க வேண்டும். பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், குதிரை மாதிரி மேலே ஏறக் கூடாது. பாசெட் பொறுத்துக்கொண்டு நிற்கும், அதனால்தான் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைக் கட்டுக்குள் வைப்பதும் முதுகுக்காகத்தான். பாவமாகப் பார்க்கிறதே என்று கையில் இருப்பதை எல்லாம் கொடுத்தால் ஒரே வருஷத்தில் வயிறு தரையைத் தொடும்.

காது வாரம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். காற்றுப் போகாமல் மூடியே தொங்குவதால் உள்ளே ஈரம் தங்கி ஈஸ்ட் என்ற பூஞ்சை பிடிக்கும், புளித்த மாவு வாடை வந்தால் வெட்டிடம் காட்டுங்கள். காது சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி, அடிப்பகுதியை மெல்லப் பிசைந்து, பஞ்சால் துடைத்தால் போதும், காது குடையும் குச்சியை உள்ளே விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் வாய் குறுகலாக, ஆழமாக இருக்கட்டும், இல்லையென்றால் காது நுனி எப்போதும் நனைந்தே இருக்கும்.

வயிறு முறுக்கிக்கொள்வது இன்னொரு ஆபத்து. மார்பு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதித் திருகிக்கொள்ளும். வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயலும் ஆனால் ஒன்றும் வராது, ஓரிடத்தில் நிற்காது. அப்படிப் பார்த்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அந்த நிமிஷமே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும். சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்ட உடனே ஓட விடாதீர்கள்.

தென் மாநிலங்களிலிருந்து வரும் நாய்களில் சிலதுக்கு இதயப்புழு இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுக்க வேண்டாம், சிகிச்சை உண்டு. வழக்கமான முறையில் முதலில் ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி. அந்தக் காலம் முழுக்கவும், அதற்குப் பிறகு சில வாரங்களும் ஓடாமல் ஆடாமல் அமைதியாக வைத்திருக்க வேண்டும். சிகிச்சையை அமைப்பே முடித்துக் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவ வீடு என்பது பிரச்சினையே இல்லை. உலர் தீவனம் பையில் வருகிறது, நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம். ஆனால் நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதது நிறைய. வெங்காயம், பூண்டு, பொடியாக இருந்தாலும் கூடாது. உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல் கிட்டவே வரக் கூடாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021இல் இங்குள்ள விலங்கு நச்சு நிபுணர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். சாம்பார் சாதம், ரசம், புளியோதரை, ஒரு வாய்கூட வேண்டாம். பாட்டிமார் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், ஃப்ரிட்ஜ் கதவில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிடால் என்ற இனிப்பூட்டியும் விஷம், கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள்.

லாங்ஐலண்ட் குமரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாசெட் அருமையான நாய், எங்களிடம் இருந்தது, பன்னிரண்டு வயது வரை வாழ்ந்தது. ஆனால் ஊர்வலத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று விஷயம் தெரிவதில்லை. ஒன்று சத்தம். இது வாள் வாள் என்று குரைப்பதில்லை, நெஞ்சிலிருந்து நீட்டி ஊளையிடும், டவுன்ஹவுஸில் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்காது. கூட்டமாக வேட்டையாட வளர்த்த இனம், தனிமை அதற்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் இருவரும் தினமும் ஆபீஸ் போகிறவர்கள் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது எச்சில். தண்ணீர் குடித்துவிட்டு தலையை உதறினால் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறிக்கும். பூஜை அலமாரி கீழ்த்தளத்தில் இருந்தால், அம்மா மடி ஆசாரம் பார்ப்பவர் என்றால், இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வருஷம் முழுக்க ரோமமும் கொட்டும்.

மூன்றாவதுதான் பெரியது, மூக்கு. மோப்பத்தில் பிளட்ஹவுண்ட் என்ற நாய் இனத்துக்கு அடுத்த இடம் இதற்கு. முயல் போன தடம் கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதிலேயே விழாது, ரோடு வந்தாலும் தலையைத் தூக்காமல் போகும். வெளியில் லீஷை எந்தக் காலத்திலும் கழற்றக் கூடாது. முன்வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு விளையாடப் போகும் வயதுதான் உங்கள் பையனுக்கு, அதை யோசியுங்கள். நீச்சல் குளமும் ஆபத்து, உடம்பு கனம், கால் குட்டை, மிதப்பது கஷ்டம்.

செர்ரிஹில் மீனா:

குமரன் அண்ணா சொல்வது உண்மை, தனிமை விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் சின்னப் பிள்ளை இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆறேழு வயது தாண்டிய பாசெட் நாளில் பெரும்பகுதி தூங்கும், காலையும் மாலையும் நிதானமாக ஒரு நடை போதும். இளம் நாயைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், முகம் நரைத்தவை மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. அதைப் பார்த்தால் மனசு தாங்காது. பிரிக்கக் கூடாத ஜோடிகளும் வரும், இரண்டையும் சேர்த்து எடுக்க முடிந்தால் தனிமைப் பிரச்சினையும் குறையும்.

ஊருக்குப் போகும்போது நாங்கள் இன்னொரு பாசெட் குடும்பத்திடம் விட்டுப் போகிறோம், அவர்கள் போகும்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ரெஸ்க்யூவில் சேர்ந்தால் இந்தப் பழக்கம் தானாக வரும்.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி, புளி விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், அதனால் தனிமை இருக்காது. பூஜை அலமாரியை மாடிக்கு மாற்ற அம்மா போனிலேயே சம்மதித்துவிட்டார். முன்வாசலுக்கு உள்பக்கம் இன்னொரு தடுப்புக் கதவு போடப் போகிறேன். வயதான நாய் என்று குறிப்பிட்டு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம், ராத்திரி நாங்கள் எல்லோரும் மாடியில், அது மட்டும் கீழே என்றால் பயந்துபோகாதா?

வெட்டெக் சுதா:

முதல் சில வாரம் உங்களில் ஒருவர் கீழே சோபாவில் படுத்துக்கொள்ளுங்கள், புது வீட்டில் ராத்திரிதான் அதற்கு மிகவும் குழப்பம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ரெஸ்க்யூக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று அதற்குத் தோன்றும். அதுவரை விருந்தினர் கூட்டம், பிறந்தநாள் விழா எதுவும் வீட்டில் வைக்க வேண்டாம். ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்த போர்வையைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள், அந்த வாசனை பக்கத்தில் இருந்தால் தூங்கிவிடும்.